வண்டி இரவில் எங்கே தங்குகிறது?

2022 மே 26 அன்று சென்னையில் நடந்த விழாவில் மதுரை–தேனி அகல ரயில் பாதையைப் பிரதமர் தொடங்கிவைத்தார். 75 கி.மீ. பாதை; செலவு 500 கோடி ரூபாய்க்கு மேல். 1928இல் போடிநாயக்கனூர் (போடி) வரை போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள், 2010 கடைசியில் அகலப் பாதையாக்குவதற்காக மூடினார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ரயிலே பார்க்காத ஆண்டிபட்டிக்கும் தேனிக்கும் வண்டி திரும்ப வந்தபோது வரவேற்பு பலமாகத்தான் இருந்தது.

வரவேற்பு முடிந்ததும் அட்டவணையைப் பார்த்தவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். காலை 8.30க்கு மதுரையில் புறப்பட்டு 9.35க்குத் தேனி; மாலை 6.15க்குத் தேனியில் புறப்பட்டு 7.35க்கு மதுரை. நாளுக்கு ஒரே ஒரு நடை, அவ்வளவுதான். அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ கடை வேலைக்கோ காலையில் மதுரை போக வேண்டிய உசிலம்பட்டிக்காரருக்கு இந்த வண்டி எதிரே வருகிறது. மாலையில் அவர் வீடு திரும்பும் நேரத்தில் அது அவர் ஊரை விட்டு மதுரைக்குக் கிளம்புகிறது. மதுரையில் குடியிருந்து தேனியில் வேலை பார்ப்பவருக்குத்தான் இது தோதான வண்டி. அப்படிப்பட்டவர்களும் உண்டு, ஆனால் கூட்டம் போவது மறுபக்கம். 2023 ஜூன் 15 முதல் வண்டி போடி வரை நீண்டது, திசை மாறவில்லை.

இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. ரயில் பெட்டித் தொடர், ரயில்வேக்காரர்கள் மொழியில் ரேக், இரவு எங்கே தங்குகிறதோ அங்கிருந்துதான் காலையில் கிளம்பும். பெட்டிகளை அடியிலிருந்து பார்க்கும் பிட் லைன், தண்ணீர் பிடிக்கும் வசதி, பரிசோதனை ஆட்கள், ஓட்டுநர் ஓய்வறை எல்லாம் மதுரையில் இருக்கின்றன. ஆகவே ரேக் மதுரையில் தூங்குகிறது, மதுரையில் விழிக்கிறது. இயக்குபவருக்கு இது இயல்பான ஏற்பாடு. தினமும் போய்வருபவருக்குத் தலைகீழ் ஏற்பாடு. நடுத்தர ஊர்களுக்கான புறநகர் ரயில் பற்றிய பேச்சு பெரும்பாலும் பாதை, பாலம், நிலையக் கட்டடம், கோடிகள் என்று போகிறது. திண்டுக்கல்லை வைத்து யோசித்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி மிகச் சிறியதாக இருக்கிறது: வண்டி இரவில் எங்கே தங்கும்?

திண்டுக்கல்லுக்குப் பாதைப் பஞ்சம் கிடையாது. திருச்சியிலிருந்து மதுரைக்குத் தென்னிந்திய ரயில்வே மீட்டர் கேஜ் போட்டது 1875இல். அன்று முதல் இது ரயில் ஊர். 1928இல் பழனி வழியாகப் பொள்ளாச்சிக்குக் கிளை போனது. (போடிப் பாதை திறந்ததும் அதே ஆண்டில்தான்.) 1988இல் கரூரிலிருந்து அகலப் பாதை வந்து சேர்ந்தது. ஆக வடகிழக்கே திருச்சி, வடக்கே கரூர், மேற்கே பழனி, தெற்கே மதுரை என நான்கு திக்கும் பாதை. பழனிப் பாதை மட்டும் 2009 முதல் மூடிக் கிடந்தது. பழனி வரை 2012இலும் பொள்ளாச்சி வரை 2015இலும் திறந்தார்கள், போத்தனூர்–பொள்ளாச்சி 2017இல் முடிந்தது. விழுப்புரத்திலிருந்து திண்டுக்கல் வரை இரட்டைப் பாதை, அங்கிருந்து மதுரைக்கும் இரட்டைப் பாதை. நான்கு பக்கமும் மின்கம்பி. இந்தியாவில் இரண்டு லட்சம் பேர் வாழும் ஊர்களில் இத்தனை வாய்ப்போடு இருப்பவை அதிகம் இருக்காது.

2011 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை 2.07 லட்சம், மாவட்டத்தின் மக்கள்தொகை 21.6 லட்சத்தை ஒட்டியது. 2014இல் மாநகராட்சி ஆனது. மாவட்டத்தில் பத்தில் ஒருவர்தான் நகரத்தில் இருக்கிறார் என்பதே இந்த ஊரின் போக்குவரத்துக் குணத்தைச் சொல்லிவிடுகிறது. நகருக்குள் சுற்றுபவர்களைவிட, சுற்றியுள்ள சமவெளியின் சிற்றூர்களிலிருந்து நகருக்கும், நகரிலிருந்து மதுரைக்கும் போய்வருபவர்களே கணக்கில் பெரியவர்கள். மெட்ரோ போன்ற ஒன்று இங்கே பொருந்தாது. முப்பது, அறுபது கி.மீ. தூரத்துக்கு அடிக்கடி ஓடும் சாதாரண வண்டிதான் பொருந்தும்.

அந்தச் சமவெளியில் எல்லோரும் ரயிலுக்கு வரமாட்டார்கள் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பு ஆலைகளுக்குப் போகும் பெண்களை ஆலை வண்டியே ஊருக்குள் வந்து ஏற்றிக்கொள்கிறது. ஷிப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. அவர்களிடம் எரியோடு ஸ்டேஷனுக்கு நடந்து வாருங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு வரும் விவசாயிக்கு மூட்டையோடு சரக்கு வண்டிதான் வேண்டும். நிலக்கோட்டைப் பூ வியாபாரம் விடிவதற்குள் பாதி முடிந்துவிடும். இவர்களையெல்லாம் பட்டியலில் சேர்த்துக்கொண்டு பயணிகள் எண்ணிக்கையை ஊதிக்காட்டும் திட்ட அறிக்கைகள் நம் நாட்டில் நிறைய உண்டு. அந்தப் பழக்கம் இங்கே வேண்டாம்.

ரயிலுக்கு வரக்கூடியவர்கள் தெற்குப் பாதையில் இருக்கிறார்கள். திண்டுக்கல்லை விட்டால் அம்பாத்துரை, கொடைரோடு, வாடிப்பட்டி, சோழவந்தான், சமயநல்லூர், கூடல்நகர், மதுரை. மொத்தம் 60 கி.மீ.க்குச் சற்று மேல். அம்பாத்துரையை ஒட்டிச் சின்னாளபட்டி, சுங்குடிச் சேலை நெய்யும் ஊர், பக்கத்திலேயே காந்திகிராமம். 1947இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய அந்த நிறுவனம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். இரண்டு பக்கத்திலிருந்தும் மாணவர்களும் ஊழியர்களும் வருகிறார்கள். கொடைரோடு என்ற பெயரே ரயில் கொடுத்தது. அம்மையநாயக்கனூரில் இறங்கி மலையேறியவர்கள் காலத்துப் பெயர். கூடல்நகர் மதுரையின் வடமேற்கு விளிம்பு. இந்தப் பாதையின் இரண்டு முனையிலும் அலுவலகம், நீதிமன்றம், மருத்துவமனை, கல்லூரி, ஜவுளிக்கடை எல்லாம் இருப்பதால் காலையில் இரு திசையிலும் ஆள் உண்டு. புறநகர் ரயிலுக்கு இதைவிடத் தோதான அமைப்பு கிடையாது. போகும்போது நிரம்பி வரும்போது காலியாக ஓட வேண்டியதில்லை.

அவர்கள் இப்போது எப்படிப் போகிறார்கள் என்று பார்க்க மாலை ஆறரைக்கு மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் போனால் போதும். திண்டுக்கல் வண்டி உள்ளே நுழையும்போதே ஓடும் வண்டியின் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை, சாப்பாட்டுப் பை, சில நேரம் செருப்புப் பை எல்லாம் சீட்டில் விழும். இடம் பிடித்தவர் உட்காருவார். மற்றவர்கள் வாடிப்பட்டி வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நான்கு வழிச் சாலை நன்றாகவே இருக்கிறது, வண்டியும் சில நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. நேரம் போவது சாலையில் அல்ல; சமயநல்லூருக்கு இந்தப் பக்கம், ஊர் நெரிசலில். ரயிலுக்கு உள்ள ஒரே மெய்யான அனுகூலம் இதுதான். நெரிசல் அதைத் தொடாது.

பேருந்தோடு போட்டி என்றால் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். 2021 மே முதல் தமிழகத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. விடியல் பயணம் என்று பெயர். ஏறக்குறைய அதே காலத்தில் ரயிலில் நடந்தது நேர் எதிர். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்திய பாசஞ்சர் வண்டிகளைத் திரும்ப விட்டபோது சிறப்பு விரைவு வண்டி என்று பெயர் மாற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியில்தான். ஆக, வடமதுரையிலிருந்தோ அம்பாத்துரையிலிருந்தோ திண்டுக்கல் டவுனுக்கு வரும் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் டவுன் பஸ் இலவசம், ரயில் முப்பது ரூபாய். இந்த மூன்று ஆண்டில் கைவிட்டுப் போன குறுந்தூரப் பயணி எளிதில் திரும்ப வரமாட்டார். அதற்காக ரயிலும் இலவசம் ஆகட்டும் என்று நான் சொல்லவில்லை. டவுன் பஸ் முப்பது கி.மீ. சுற்றளவோடு நிற்கிறது, ரயிலின் ஆட்டம் அதற்கு அப்பால். அங்கே சீசன் டிக்கெட் பெரிய ஆயுதம். 150 கி.மீ. வரை கிடைக்கும் மாதச் சீசன் டிக்கெட்டின் விலை, ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணக் கட்டணம். மாதத்தில் 25 நாள் போய்வருபவர் 50 நடைக்கு 15 நடைக் காசுதான் கொடுக்கிறார். 2025 ஜூலையில் ரயில் கட்டணம் உயர்ந்தபோதும் சீசன் டிக்கெட்டைத் தொடவில்லை. ஆனால் வந்தே பாரத்திலும் தேஜஸிலும் இது செல்லாது. வண்டி இருந்தால்தானே சீசன் டிக்கெட்டுக்கு மதிப்பு!

வண்டிகள் நிறைய ஓடுகின்றன என்று பதில் வரும். ஓடுகின்றன. சென்னையிலிருந்து தெற்கே போகும் விரைவு வண்டிகளில் பெரும்பாலானவை திண்டுக்கல்லைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் அவை இரவு முழுவதும் ஓடி விடியும் முன் இந்த ஊரைக் கடப்பவை. மாலையில் மதுரையை விட்டுக் கிளம்புபவை. அவற்றின் நேரம் சென்னையைப் பார்த்து வைத்த நேரம். பகல் வண்டியான மதுரை–கோவை விரைவு வண்டியும் தேனி வண்டியின் அதே கதைதான்: காலையில் மதுரையில் புறப்பட்டுப் பழனி, பொள்ளாச்சி வழியாக நண்பகலில் கோவை, பிற்பகல் அங்கே கிளம்பி இரவு மதுரை. பழனிக்காரர் கோவைக்கு வேலைக்குப் போய்வர இது உதவாது. பழனியிலிருந்து காலையில் மதுரை வரவும் உதவாது. ரேக் மதுரையில் தூங்குகிறது.

இன்னொரு போக்கும் உண்டு, இதை யாரும் இழப்பாகப் பார்ப்பதில்லை. மயிலாடுதுறையிலிருந்து திண்டுக்கல்லோடு நின்ற வண்டி இப்போது செங்கோட்டை வரை ஓடுகிறது. நீட்டிப்பு என்றால் ஊரே கைதட்டும். செங்கோட்டைக்கு நேரடி வண்டி கிடைத்ததும் நன்மைதான். ஆனால் திண்டுக்கல்லில் முடிந்து திண்டுக்கல்லில் தொடங்கும் வண்டி ஒன்று குறைந்துபோனது. நீண்ட தூரம் ஓடும் வண்டி எங்கோ ஓரிடத்தில் கிராசிங்குக்கு நின்றால் அந்தத் தாமதம் இங்கே வந்து இறங்கும். ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் இரண்டு முறை தாமதமானால் மூன்றாம் நாள் பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவார். ஒரு ஊரில் தொடங்கும் வண்டிக்கு மட்டும்தான் அந்த ஊரில் நேரம் தவறாது.

இனிக் கணக்குக்கு வருவோம். மெமு என்பது இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள மின்சார வண்டி. எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலை இல்லை. நின்று கிளம்பும்போது வேகம் பிடிப்பது விரைவு. திண்டுக்கல்–மதுரைக்கு இடையில் ஆறு நிறுத்தம் வைத்து, மணிக்குச் சராசரி 50 கி.மீ. என்று அடக்கமாகவே எடுத்தாலும் 75 நிமிடம் ஆகும். முனையில் 15 நிமிடம் ஓய்வு. போய்த் திரும்பி மறுபடி கிளம்பத் தயாராக மூன்று மணி நேரம். ஒரு ரேக் இருந்தால் ஒவ்வொரு முனையிலிருந்தும் மூன்று மணிக்கு ஒரு வண்டி, நாளுக்கு ஐந்து நடை. இரண்டு ரேக் இருந்தால் ஒன்றரை மணிக்கு ஒன்று. மூன்று இருந்தால் மணிக்கு ஒன்று. இரண்டு ரேக் என்றால் இரவில் ஒன்று மதுரையிலும் மற்றது திண்டுக்கல்லிலும் தங்க வேண்டும், அப்போதுதான் காலை முதல் வண்டி இரு பக்கத்திலிருந்தும் ஒரே நேரம் கிளம்பும். இது என் மதிப்பீடு. இயக்கப் பிரிவினர் பத்து நிமிடம் கூட்டலாம், குறைக்கலாம். கணக்கின் வடிவம் மாறாது: இரண்டு ரேக்கில் ஒரு சேவை பிறந்துவிடுகிறது.

இரண்டு ரேக் கிடைப்பது அவ்வளவு எளிதா என்றால், இல்லை. மெமுவைப் பராமரிக்கத் தனிப் பணிமனை வேண்டும். நம் பக்கத்தில் பாலக்காட்டில் இருக்கிறது. அதற்கு வழி பழனி, பொள்ளாச்சி ஒற்றைப் பாதை. அண்மைக் காலத்தில் தீபாவளி, பொங்கலுக்குக் கோவை–திண்டுக்கல் முன்பதிவில்லா மெமு சிறப்பு வண்டி விட்டார்கள். பழனிப் பாதையில் மெமு ஓட முடியும், ஆள் ஏறுவார்கள் என்பதற்குத் தெற்கு ரயில்வேயே நடத்திக்காட்டிய சோதனை அது. ஆனால் காலையில் கோவையில் கிளம்பிப் பிற்பகலில் திண்டுக்கல் சேர்ந்து, உடனே திரும்பும் அட்டவணை. பண்டிகை முடிந்ததும் நின்றுவிட்டது. இதைத் தினசரி ஆக்கச் சொன்னால் இன்னொரு சிக்கல் எழும். கோவை சேலம் கோட்டம், பொள்ளாச்சி பாலக்காடு கோட்டம், பழனியும் திண்டுக்கல்லும் மதுரைக் கோட்டம். மூன்று கோட்டத்தின் அதிகாரிகள் ஒரு வண்டிக்காக உட்கார்ந்து பேச வேண்டும். திண்டுக்கல்–மதுரை ஷட்டிலுக்கு இந்தத் தொல்லை கிடையாது, முழுக்க மதுரைக் கோட்டத்துக்குள் முடிகிற விஷயம். ஆகவேதான் தெற்கிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். பழனி அடுத்த கட்டம். 58 கி.மீ. ஒற்றைப் பாதையில் அக்கரைப்பட்டி, ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று எதிர் வண்டிக்கு எங்கே ஒதுங்குவது என்பதை வைத்துத்தான் அங்கே நேரமே போட முடியும்.

மற்றொரு தடை மதுரை ஜங்ஷன். நடைமேடை கிடைக்காமல் வண்டி அவுட்டரில் நிற்பது அந்த ஊருக்குப் பழக்கமானது. கூடல்நகரை இரண்டாவது முனையமாக்கலாம் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. திண்டுக்கல் ஷட்டில் நெரிசல் நேரத்தில் கூடல்நகரிலேயே நின்று திரும்பினாலும் பாதகமில்லை, அங்கிருந்து ஆரப்பாளையத்துக்கும் பெரியார் பேருந்து நிலையத்துக்கும் வண்டி நேரத்துக்குப் பேருந்து இருந்தால். இல்லாவிட்டால் பயணியை ஊருக்கு வெளியே இறக்கிவிட்ட குற்றம் சேரும். திண்டுக்கல் முனையிலும் இதே குறைதான். ரயில் நிலையத்துக்கும் காமராஜர் பேருந்து நிலையத்துக்கும் இடையே இரண்டு கி.மீ. போல. ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு ரயில் டிக்கெட்டைவிடக் கூடுதலாகிவிடும். வண்டி வந்து பத்து நிமிடத்துக்குள் கிளம்பும் டவுன் பஸ் ஒன்று, அதுவும் பெண்களுக்கு இலவசமானது, நிலைய வாசலில் நின்றால் ரயிலும் பேருந்தும் போட்டியாளர்களாக இல்லாமல் கூட்டாளிகள் ஆகிவிடும். இதற்கு ரயில்வேயின் அனுமதி தேவையில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகமும் மாநகராட்சியும் நினைத்தால் போதும்.

மிகப் பெரிய தடை முன்னுரிமை. 2023 செப்டம்பரில் சென்னை–திருநெல்வேலி, 2024 ஆகஸ்டில் மதுரை–பெங்களூரு, சென்னை–நாகர்கோவில் என மூன்று வந்தே பாரத்கள் இந்தப் பாதையில் சேர்ந்துவிட்டன. அவை வரும்போது மற்ற வண்டிகள் ஒதுங்க வேண்டும். ஹைதராபாத் இதை நன்றாக அறியும். 2003 ஆகஸ்டில் அங்கே எம்.எம்.டி.எஸ். என்ற புறநகர் ரயில் தொடங்கியது. மாநில அரசும் ரயில்வேயும் செலவைப் பாதிப்பாதி பகிர்ந்துகொண்டன. ஏற்கெனவே இருந்த பாதையிலேயே மின்சார வண்டி. யோசனையில் குறையே இல்லை, நம் ஊர்களுக்கு முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது. ஆனால் விரைவு வண்டிகளுக்காகக் காத்து நின்று நின்று, இடைவெளி நீண்டு, நம்பிக்கை தேய்ந்தது. 2017இல் மெட்ரோ வந்ததும் பயணிகள் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். பாதையைப் பகிர்ந்துகொள்ளும்போது காலை 7 முதல் 9.30 வரையும் மாலை 5.30 முதல் 8 வரையும் உள்ளூர் வண்டிக்கு இடம் ஒதுக்கியாயிற்று என்று அட்டவணையிலேயே எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மெமு வாங்கியும் பயனில்லை.

நேர்மாறான அனுபவம் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே. திண்டுக்கல்லைவிடச் சற்றுப் பெரிய ஊர், ஏறக்குறைய மூன்று லட்சம் மக்கள். 1992 செப்டம்பரில் நகர டிராம் வண்டியை அப்படியே ரயில்வேயின் தண்டவாளத்தில் ஏற்றி, பக்கத்து ஊரான பிரெட்டன் வரை ஓட்டினார்கள். புதிய பாதை போட்டது மிகக் கொஞ்சம், இரண்டையும் இணைக்கும் துண்டு மட்டும். மாற்றியது மூன்று: நிறுத்தங்களைக் கூட்டினார்கள், வண்டிகளைப் பல மடங்கு ஆக்கினார்கள், ஊர் நடுவிலேயே கொண்டுபோய் இறக்கினார்கள். சில ஆண்டுகளில் அந்தத் தடத்தில் பயணிகள் நான்கு மடங்குக்கு மேல் பெருகினர். போக்குவரத்துப் படிப்பில் இன்றும் அந்த ஊரின் பெயர் வருகிறது. திண்டுக்கல்லில் டிராம் கிடையாது, பிரதான பாதையில் இருக்கும் நெரிசலும் வேறு. எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணிக்கைக்கும் நிறுத்தத்துக்கும் இருந்த பங்கை. அமெரிக்காவின் நாஷ்வில் 2006இல் பழைய சரக்குப் பாதையில், 51 கி.மீ. தூரத்துக்கு மலிவாக ஒரு வண்டி விட்டது. வார நாளில் காலை சில நடை, மாலை சில நடை. பல ஆண்டுகள் கழித்தும் அன்றாடப் பயணிகள் ஆயிரத்தைச் சுற்றியே நின்றார்கள். ஆஸ்டின் 2010இல் அதே தூரத்துக்கு அதே பாணியில் தொடங்கியது. பிறகு மதியத்திலும் வார இறுதி இரவிலும் ஓட்டத் தொடங்கியதும்தான் நிலைமை தேறியது. மதியம் ஓடாத வண்டியை நம்பிக் காலையில் யாரும் ஏறுவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் பதினொரு மணிக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

வெளிநாடுவரை போகாமல் சென்னையையே பார்க்கலாம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் வந்தபோது வழியில் இருந்தவற்றில் பல ஏரியும் தோப்பும் வயலுமான கிராமங்கள். அடிக்கடி வண்டி ஓடும் என்ற உறுதிதான் மாம்பலத்திலும் குரோம்பேட்டையிலும் வீடு கட்டவைத்தது. கூட்டம் சேர்ந்த பிறகு ரயில் விடுவோம் என்று அன்று தென்னிந்திய ரயில்வே காத்திருந்தால் தாம்பரம் வேறு மாதிரி இருந்திருக்கும். கேரளத்தில் கொல்லம், ஆலப்புழை, கோட்டயம் போன்ற நடுத்தர ஊர்களின் சீசன் டிக்கெட்காரர்கள் ஒரு வண்டி அரை மணி தாமதமானால் ஊரைக் கூட்டிவிடுவார்கள். வேணாடு எக்ஸ்பிரஸ் நெரிசல் அங்கே செய்தித்தாளின் நிரந்தரப் பொருள். நம் சமவெளியில் அப்படி ஒரு பயணிகள் கூட்டமே உருவாகவில்லை. உருவாக வண்டி வேண்டும்.

நடுத்தர நகரங்கள் மெட்ரோ கேட்பது ஏன் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. மதுரைக்குத் திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை 32 கி.மீ. மெட்ரோவுக்கு 11,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டார்கள். 2025 நவம்பரில் மத்திய அரசு கோவைத் திட்டத்தோடு அதையும் திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கையின் இருபது லட்சம் மக்கள்தொகை என்ற அளவு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த அளவுகோல் சரியா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. மதுரைக்கே இந்த நிலை என்றால் திண்டுக்கல், கரூர், தேனி போன்ற ஊர்கள் எந்தக் கொள்கையின் கீழும் வரப்போவதில்லை. மெட்ரோவுக்குச் சிறியது, பேருந்துக்குப் பெரியது என்ற இடைநிலையில் இருக்கும் ஊர்களுக்கு இந்திய அரசிடம் ஒரு கொள்கை இல்லை. வந்தே மெட்ரோ என்று பேசப்பட்டு, நமோ பாரத் ரேபிட் ரயில் என்ற பெயரில் 2024 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய முதல் வண்டியும் அகமதாபாத்–பூஜ் தடத்துக்குப் போயிற்று. குளிர்சாதனம், தானியங்கிக் கதவு எல்லாம் உண்டு. நல்ல வண்டிதான். ஆனால் 300 கி.மீ.க்கு மேல் ஒரு நாளைக்கு ஒரு நடை ஓடுவதைப் புறநகர் ரயில் என்று எப்படிச் சொல்வது?

கோரிக்கை வைக்கும் நம் பழக்கத்திலும் கோளாறு இருக்கிறது. 2019 மார்ச்சில் சென்னை–மதுரை தேஜஸ் தொடங்கியபோது வழியில் திருச்சியும் கொடைரோடும்தான் நிறுத்தங்கள். நான்கு பாதை கூடும் திண்டுக்கல்லில் நிற்கவில்லை. ஊருக்கு நியாயமாகவே கோபம் வந்தது. அதன் பிறகு எந்தப் பெரிய வண்டி அறிவித்தாலும் முதல் மனு நிறுத்தம் கேட்டுத்தான். எம்.பி.க்கள், வர்த்தக சங்கத்தார், பயணிகள் சங்கத்தார் எல்லோரும் கேட்பது அதையே. நிறுத்தம் கிடைத்தால் சால்வை, செய்தி, படம். சென்னைக்கு ஆண்டில் நான்கு முறை போகும் ஒருவருக்காக இத்தனை முயற்சி; மதுரைக்கு மாதத்தில் 25 நாள் போகும் ஒருவருக்காக ஒரு மனு கூட இல்லை. கட்டடத்திலும் இதே முன்பின் வரிசைதான். அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பித்த சோழவந்தான் நிலையம் 2025 மே 22 அன்று திறக்கப்பட்டது. முகப்பு அழகாக இருக்கிறது, நடைமேடை நன்றாக இருக்கிறது. அந்த நடைமேடையில் காலையில் நிற்பவர்களுக்கு மணிக்கொரு வண்டி வந்தால்தான் அந்தச் செலவுக்குப் பொருள்.

ஆகவே மதுரைக் கோட்டத்துக்கும் திண்டுக்கல் மக்கள் பிரதிநிதிகளுக்கும் வைக்கக்கூடிய கோரிக்கை சுருக்கமானது. பாதை வேண்டாம், பாலம் வேண்டாம், திட்ட அறிக்கையும் வேண்டாம். திண்டுக்கல் ஜங்ஷனில் ஒரு ரேக் இரவு தங்கத் தடம், தண்ணீர், துப்புரவு, ஓட்டுநர் ஓய்வறை. காலை 7 மணிக்கு அங்கிருந்து கிளம்பி எல்லா நிலையத்திலும் நின்று 8.15க்கு மதுரை சேரும் ஒரு மெமு; அதே நேரத்தில் மதுரையிலிருந்து எதிரே ஒன்று; மதியத்திலும் நிற்காத ஓட்டம்; கடைசி வண்டி மதுரையில் இரவு 9 மணிக்கு. சோதனையாக ஓராண்டு ஓட்டட்டும், அந்த ஓராண்டுக்கு நேரத்தை மாற்ற வேண்டாம். அடுத்த கால அட்டவணைக்கு ரயில்வே கருத்துக் கேட்கும்போது, தேஜஸும் வந்தே பாரத்தும் எங்கே நிற்கும் என்பதை ஒருமுறை ஒதுக்கிவைத்துவிட்டு, திண்டுக்கல்காரர்கள் இதை எழுதி அனுப்பலாம்.